ரஹாங்கில் பார்த்த போபண்ணா

கோலாலம்பூர் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் சிரம்பான். நெகிரி செம்பிலானின் தலைநகரம். சுமாத்ராவிலிருந்து வந்து குடியேறிய மினாங்கபாவ் மக்களின் வழக்கப்படி, இங்குள்ள அரசுக் கட்டடங்கள் பலவற்றுக்கு எருமைக் கொம்பு வடிவில் கூரை. நகரை ஒட்டியே ரஹாங். ஊர்ப்பெயரைச் சொன்னதும் வயதானவர்கள் பேசியதெல்லாம் ரப்பர் தோட்டத்தைப் பற்றித்தான். நான் கண்டதோ வீடமைப்புப் பகுதிகளும் கடை வரிசைகளும். ரப்பர் மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

2024 தைப்பூசத்துக்காகப் போயிருந்தேன். ஜனவரி 25, வியாழக்கிழமை. காவடிக் கூட்டத்தில் நடந்த களைப்பு இன்னும் தீரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நான் தங்கியிருந்த வீட்டில் டிவி முன்னால் எல்லோரும் கூடிவிட்டார்கள். இந்திய டென்னிஸ் வீரர் ரோஹன் போபண்ணா ஆடும் ஆஸ்திரேலிய ஓபன் ஆண்கள் இரட்டையர் இறுதிப் போட்டி. ஜனவரியில் மெல்போர்ன் கடிகாரம் மலேசியாவைவிட மூன்று மணி நேரம் முன்னே ஓடும். அங்கே ராட் லேவர் அரங்கில் விளக்கு வெள்ளம். இங்கே ஜன்னலுக்கு வெளியே ரம்புத்தான் மரத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. ஒரே ஆட்டத்தை இரண்டு பொழுதுகளில் பார்ப்பது எனக்குப் புதிய அனுபவம்.

வீட்டுப் பெரியவர் என் நண்பரின் பெரியப்பா. வாழ்நாள் முழுக்க ரப்பர் மரத்தில் பால்வெட்டிவிட்டு ஓய்ந்தவர். டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை.

"இந்த ஆளுக்கு என்ன வயசு தம்பி?"

"நாற்பத்து மூணு ஐயா. மார்ச் வந்தா நாற்பத்து நாலு."

"அந்த வயசுல எங்க முட்டி போயிடுச்சே. இவருக்கு எப்படி?"

ரோஹன் போபண்ணாவுக்கும் முட்டி போய்த்தான் இருந்தது. இரண்டு முழங்காலிலும் குருத்தெலும்பு தேய்ந்து, வலி மாத்திரையோடு விளையாடிய காலம் உண்டு. 2020 வாக்கில் ஐயங்கார் யோகா தொடங்கினார். அது காலைத் தாங்கியது. ஆனால் 2021இல் மாதக்கணக்கில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. போர்ச்சுகலில் கடலைப் பார்த்தபடி நின்று, விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்ததாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, பெரியவர் டிவியில் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க, ஓடவே மாட்டேங்கிறாரு. ரெண்டு எட்டு வைக்கிறாரு, பந்து அங்க வருது."

சரியாகப் பிடித்துவிட்டார். இரட்டையரில் களத்தின் அகலம் 27 அடியிலிருந்து 36 அடியாகிறது. ஆனால் அதைக் காக்க இரண்டு பேர். கனமான சர்வீஸ் ஒன்று, வலையருகே ஒரு வாலி, அதோடு பெரும்பாலான புள்ளிகள் முடிந்துவிடும். எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு ஓட்டம் குறைவு. எனக்கு அதை விளக்கியது பெரியவரின் தொழில்தான். மேசையில் விரலால் சாய்கோடு ஒன்று போட்டுக் காட்டினார்.

"பட்டையை மெல்லிசாச் சீவணும். உள்ள இருக்கிற மரத்தைக் கத்தி தொடக்கூடாது. தொட்டா புண்ணாயிடும், முண்டும் முடிச்சுமா வளரும், அப்புறம் அந்த இடத்துல கத்தி வைக்க முடியாது. மெல்லிசா வெட்டினவன் மரத்துல பட்டை திரும்ப வளரும். அதே இடத்துல திரும்பவும் வெட்டலாம். இருபத்தஞ்சு வருசத்துக்குப் பால் குடுக்கும்."

போபண்ணாவின் பிற்கால ஆட்டத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்த விமரிசகரிடமும் நான் கேட்டதில்லை. உடம்பைச் சீவுவதில் அவருக்கு அந்தக் கை வந்துவிட்டது.

முதல் செட் டைபிரேக் 7-0. இரண்டாவது 7-5. இத்தாலியர்கள் பொலெல்லி, வவாசோரி தோற்றார்கள். தன் ஜோடியான ஆஸ்திரேலியர் மேத்யூ எப்டனைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டார் போபண்ணா. ஓபன் யுகத்தில் கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் இரட்டையரை வென்றவர்களில் இவரே மூத்தவர். அடுத்த திங்களன்று வெளியான தரவரிசையில் உலகின் முதலிடம். முதன்முறையாக முதலிடம் ஏறியவர்களிலும் இவ்வளவு வயதானவர் எவரும் இல்லை. 2010இல் அமெரிக்க ஓபன் இறுதியில் தோற்றார், 2023இல் மறுபடி அதே இறுதியில் தோற்றார். நடுவில் 13 ஆண்டுகள்! அந்த ஆண்டுகளை நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

"இவரும் தோட்டத்துப் பிள்ளைதான் ஐயா. குடகுல காப்பித் தோட்டம். சர்வீசுக்குப் பலம் வரணும்னு விறகு வெட்டுவாராம், காப்பிச் செடிக்கு நடுவுல ஓடுவாராம்."

"தோட்டம் யாருது?"

"அவங்க அப்பாவோடது."

"அப்ப முதலாளி மகன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்கைச் சரிசெய்தார். பிறகு தானாகவே பேசினார். அவர் பிறந்த தோட்டத்தில் துரை பங்களாவுக்குப் பக்கத்தில் புல்தரை டென்னிஸ் மைதானம் இருந்ததாம். காலையில் பிரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு முடிந்து, தீம்பார் என்னும் ரப்பர் காட்டுக்குப் போனவர் அவர் அப்பா. மாலையில் அதே ஆள் அங்கே புல் வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, துரைமார் அடித்த பந்தைப் பொறுக்கிப் போட்டிருக்கிறார். பிள்ளைகள் வேலிக்கு வெளியே நிற்கலாம். நான் தொடர்ந்து கேட்டதில், அந்த மைதானத்தின் அளவு, வலையின் நிறம், பந்து வேலி தாண்டி வந்தால் இரண்டு கையாலும் ஏந்திக் கொடுக்க வேண்டிய முறை எல்லாம் வந்தன. ஐம்பதுகளில் பார்த்தது. ஒன்றும் மறக்கவில்லை.

குடகிலும் மலாயாவிலும் தோட்டமும் டென்னிஸும் வெள்ளைக்காரத் துரைமாரோடு சேர்ந்தே வந்தவை. மைதானத்துக்கு உள்ளே போன பிள்ளை ஒருவர், வெளியே நின்ற பிள்ளை ஒருவர். வெளியே நின்றவர் அன்று மாலை முழுக்க உள்ளே போனவருக்காகக் கை தட்டியது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் போபண்ணா கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜியோடு ஆடி முதல் சுற்றில் தோற்றார். 2025 நவம்பர் 1ஆம் தேதி, 45 வயதில், ஓய்வை அறிவித்தார். ரஹாங்குக்குச் செய்தி அனுப்பினேன். பெரியவர் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். "நாற்பத்தஞ்சா? எனக்கு ஐம்பத்தஞ்சுலதான் தம்பி கத்தியைக் கீழ வைக்க விட்டாங்க. அவர் பிள்ளைகுட்டியோட இருக்கட்டும். அந்த பாலாஜி பையன் அடுத்து எங்க ஆடுறாரு?"