கால் படக்கூடாத கடல்

திருமலைக்கு நடந்து செல்பவர்களுக்கு அலிபிரியில் பாதங்கள்தான் முக்கியம். அடிவாரத்துப் பாத மண்டபத்தில் பெருமாளின் பாதுகைகளைத் தலையில் சுமந்து வலம் வந்த பிறகே பலரும் படியேறுகிறார்கள். லட்சத்தீவின் கல்பேனியில் விதி வேறு: கால் எதன் மீதும் படக்கூடாது.

கொச்சியிலிருந்து கிளம்பும் ‘சமுத்திரம்’ கப்பல் சுற்றுலாவில் பயணிகளுக்கு இரவு கப்பலில், பகல் தீவில். கப்பல் ஆழ்கடலிலேயே நின்றுவிட, சிறு படகுகள் கரை சேர்க்கின்றன. முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக் குப்புற மிதந்தால், கிளிமீன்கள் பாறையைச் சுரண்டித் தின்னும் சத்தம்கூடக் கேட்கும்.

சிக்கல், களைத்தவர்கள் எழுந்து நிற்க முயலும்போதுதான். காலடியில் இருப்பது வெறும் கல்லல்ல, உயிருள்ள பவளம். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளரும் கிளைகள் ஒரே மிதியில் ஒடிந்துவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து கடலின் சூடு. 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்தன. 2024-லும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இங்கே கடும் வெளுப்பைக் கண்டது. அலைகளைத் தடுத்துத் தீவைக் காப்பதே இந்தப் பவள வேலிதான். கடலின் சூட்டைப் பயணியால் தணிக்க முடியாது. காலைத் தூக்கிக்கொள்ள முடியும்.