நன்றி யாருக்கு?

இங்கிலாந்து செல்லவிருந்த உறவினர் மகன், அந்நாட்டு நடைமுறைகளைக் கூறும் சிறு நூலொன்றை நம்மிடம் தந்தான். திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில், சிப்காட் சாலையோரத் தேநீர்க் கடையில் அமர்ந்து படித்தோம். வரிசையில் நில், முந்தாதே. பேருந்து ஓட்டுநருக்கும் நன்றி கூறு. முன்பின் அறியாதாரிடம் வயதையும் ஊதியத்தையும் வினவாதே!

இத்தகைய அறிவுரை புதிதன்று. 1942-இல் அமெரிக்கப் போர்த்துறை, பிரிட்டன் சென்ற தன் படைவீரர்க்குக் கையேடே அச்சிட்டு வழங்கியது. பகட்டாதே, அங்குள்ளோர் அளந்து பேசுவது பகைமையால் அன்று என்றது.

நல்ல பண்புகளே! ஆயினும், அந்தப் பண்பாளர் ஆட்சியில்தான், 1832-இல் தோன்றிய மெட்ராஸ் கிளப்பின் கதவு இந்தியருக்கு நெடுங்காலம் அடைபட்டிருந்தது. தமக்குள் பரிமாறிய மரியாதையைத் தரணிக்குத் தர அவர்க்கு மனமில்லை. எண்ணுந்தோறும் சினம் பொங்கிற்று.

அந்நேரம், ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி ஒருவர் தேநீரை நம்முன் வைத்தார். நாம் நன்றி கூறினோமா? "டேய், சர்க்கரை போதாது" என்றோம்! அவர்க்கு வயது நாற்பதிருக்கும்.

கையிலிருந்த நூல் கனத்தது. கடல் கடக்கக் கற்கும் பண்பைக் கடைத்தெருவில் மறப்பதா? அஞ்சிக் கூறும் நன்றி அடிமைத்தனம். சமமெனக் கருதிக் கூறும் நன்றியே நாகரிகம்.

எழுந்தோம். "நன்றி, தோழரே" என்றோம். அவர் திகைத்து நின்றார். அந்தத் திகைப்பே நமக்குக் கிடைத்த தண்டனை!