கால் நனையாமல்

மழையில் நனைந்து வீட்டுக்குள் வருகிற யாருக்கும் அம்மா முதலில் தலையைத் துவட்டிவிட்டதில்லை. ஊரெல்லாம் தலையைத்தான் துவட்டும். அம்மா மட்டும் குனிந்து கால்களைப் பிடித்துக்கொள்வாள். விரலிடுக்குகள் ஒவ்வொன்றாக, முந்தானை ஈரமாகி முடியும்வரை துடைப்பாள். பள்ளிக்கூட நாட்களில் முடியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட நின்றபடி நானும் அண்ணனும் அவளைக் கேலி செய்திருக்கிறோம். "காலுக்கா தடுமன் பிடிக்கும்?" என்போம். அவள் பதில் சொன்னதில்லை. நாங்களும் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

2023 ஜூலையில் திருநெல்வேலியிலிருந்து வால்பாறைக்குக் காரில் கிளம்பினோம். நான், மனைவி, ஒரு வயது பத்து மாதமான மகள், அம்மா. தென்மேற்குப் பருவமழை உச்சத்திலிருக்கும் மாதத்தில் சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆனைமலை ஏறுகிற எங்கள் புத்திசாலித்தனத்தை உறவினர்கள் ஒருவர் விடாமல் பாராட்டினார்கள். ஆனால் மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நானல்ல. அம்மா 1953இல் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் பிறந்தவள். 1959இல் தாத்தா குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அவள் மலையேறவேயில்லை. திடீரென்று ஒருநாள், "ஒருக்கா பாத்துட்டு வந்துரலாமாய்யா?" என்றாள். டிசம்பர் விடுமுறையில் போகலாமே என்றதற்கு, "மழையில போனாத்தான் எனக்கு அடையாளம் தெரியும்" என்றாள்.

அவள் தோட்டத்தைப் பற்றிப் பேசுவது அபூர்வம். சில வருடங்களுக்கு முன் 'எரியும் பனிக்காடு' வாங்கிக் கொடுத்தேன். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவலின் தமிழாக்கம். இரா. முருகவேள் மொழிபெயர்த்தது. (பாலாவின் 'பரதேசி' இதைத் தழுவி வந்தது என்று சொன்னால் சிலருக்குச் சட்டென்று பிடிபடும்.) திருநெல்வேலிச் சீமையிலிருந்து மேஸ்திரியின் பேச்சை நம்பி மலையேறிய குடும்பங்களின் கதை. அம்மா பிறந்த காலம் அந்த நாவலின் காலமல்ல. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது, சங்கங்கள் வந்துவிட்டன. இருந்தாலும் தன் அம்மா அப்பாவின் கதையாக வாசிப்பாள் என்று நினைத்தேன். பத்துப் பதினைந்து நாட்களில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "மழை வார பக்கம் மட்டும் படிச்சேன். போதும்."

பழனி தாண்டும்வரை வெயில்தான். உடுமலைக்குப் பிறகு பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று தூறலைக் கொண்டுவந்தது. மகளிடம் அப்போது முப்பது சொற்களுக்கு மேல் இல்லை. 'மயை' அவற்றில் புதிது. கண்ணாடி வைப்பர் இடமும் வலமும் ஆடுவதைப் பார்த்து, அது தனக்குக் கையசைக்கிறது என்று முடிவு செய்துகொண்டாள். பொள்ளாச்சி வரும்வரை ஒவ்வோர் அசைவுக்கும் 'டாட்டா' சொன்னாள். முதல் பத்து கிலோமீட்டர் நாங்களும் கூடச் சேர்ந்து சொன்னோம்.

பொள்ளாச்சியில் தங்கி, மறுநாள் காலை ஆழியாறு வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்டினோம். அங்கிருந்து வால்பாறைவரை 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். ஒன்பதாவது வளைவின் காட்சிமுனையில் நின்றால் கீழே ஆழியாறு அணை முழுதாகத் தெரியும். வரையாடுகள் தடுப்புச்சுவரில் ஏறி நின்று மனிதர்களை வேடிக்கை பார்க்கும். அன்று அணையும் இல்லை, ஆடும் இல்லை. காரைச் சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டியதுபோல் இருந்தது. அங்கேதான் மனைவி குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுடுது" என்றாள். வெப்பமானி 102 காட்டியது.

பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவது பெரிய விஷயமில்லைதான். ஆனால் எங்கள் மகளுக்கு முந்தைய வருடம் காய்ச்சலோடு வலிப்பு வந்திருந்தது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளில் சிலருக்கு அப்படி வருவதுண்டு, பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும், மூளைக்குக் கேடில்லை என்றெல்லாம் மருத்துவர் பிறகு விளக்கினார். மூன்றில் ஒரு குழந்தைக்குத் திரும்ப வரலாம் என்றும் சொன்னார். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அன்று அம்மா செய்தது குழந்தையின் கையில் சாவிக்கொத்தை வைத்து அழுத்தியதுதான். நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடம் எங்கள் வீட்டில் இன்னும் முழுதாக முடியவில்லை.

பாராசிட்டமால் மருந்தைக் கொடுத்தோம். அது காய்ச்சலைத் தணிக்கும், வலிப்பைத் தடுக்கும் என்பதற்கு உறுதியில்லை. திரும்பிப் போகலாமா என்று பேசிக்கொண்டே ஏறியதில் இருபதைத் தாண்டிவிட்டோம். அடுத்த திருப்பத்தில் முன்னால் ஓர் அரசுப் பேருந்து நின்றிருந்தது. அதற்கு முன்னால் சாலைக்குக் குறுக்கே மரம். பின்னால் ஜீப்பும் லாரியும் வந்து சேர்ந்துகொண்டன. கைபேசியில் சிக்னல் இல்லை.

மனைவி குழந்தையின் ஸ்வெட்டரைக் கழற்றினாள். கொஞ்ச நேரத்தில் அம்மா அதை மறுபடி போட்டாள். மனைவி மீண்டும் கழற்றி, "சூடு வெளியே போகணும் அத்தை, போத்தக் கூடாது" என்றாள். அம்மா தலையாட்டினாள். ஆனால் அவள் கை தன்போக்கில் சால்வையை எடுத்துக் குழந்தையின் கால்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. கால்களை மட்டும். குழந்தை உதைத்துத் தள்ளியது. அம்மா மறுபடி சுற்றினாள்.

"சும்மா இரும்மா! சாவியைக் கையில வச்ச மாதிரி இன்னைக்கும் எதையாவது செஞ்சு வைக்காத" என்று கத்திவிட்டேன்.

அம்மா சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். வைப்பரை நிறுத்திவிட்டதால் கூரையில் விழும் மழைச்சத்தம் மட்டும்தான். மகள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

பேருந்திலிருந்து ஒரு பெண்மணி, பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினார். "பாப்பாவுக்குக் காய்ச்சலுங்களா? ஃபிளாஸ்க்ல சுடுதண்ணி இருக்குது, வாங்கிக்கங்க." தோட்டத்தில் கொழுந்து எடுப்பவராம். மகளைப் பார்க்கப் பொள்ளாச்சிக்குப் போய்விட்டுத் திரும்புகிறார். அம்மா அவரிடம் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அந்த லைன்கள் இருக்கின்றனவா என்று கேட்டாள். "இருக்குதுங்க. நம்ம ஆளுங்கதான் கொறஞ்சுட்டாங்க. இப்ப பாதி லைன்ல அஸ்ஸாம், ஜார்க்கண்டுக்காரங்க." பிறகு, ஏதோ வழி சொல்வதுபோல, "அவங்க புள்ளைங்களும் நல்லாத் தமிழ் பேசுதுங்க" என்றார்.

அவர் போன பிறகு, அம்மா யாரையும் பார்க்காமல் சொல்லத் தொடங்கினாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். இது எனக்குத் தெரியாது. நாற்பத்தொரு வயதில், ஒரு கொண்டை ஊசி வளைவில், எனக்கு இன்னொரு தாய்மாமன் இருந்தார் என்று தெரிந்துகொண்டேன். இரண்டு வயது. ஜூலை மாதம். மூன்று நாள் காய்ச்சல். ஆச்சி வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அவன் கண்ணைத் திறக்கவில்லை. மருந்து கொடுக்கிற இடம் மலைச்சரிவின் மறுபக்கம். தாத்தா கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார். கம்பளி சின்னது, கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஆறு வயது அம்மாவின் கையில் குடையைக் கொடுத்து, "பின்னாலயே வா, தம்பி கால்ல மழை படாமப் பாத்துக்க" என்று ஆச்சி சொன்னாள்.

"ஒரு வளைவுல காத்து. குடை அப்படியே மேல திரும்பிருச்சு. திருப்பிப் பிடிக்கத் தெரியல. அப்பா நிக்காமப் போறாரு. நான் ஓடுதேன். அவன் கால் ரெண்டும் நல்லா நனைஞ்சு போச்சு."

போய்ச் சேர்ந்தபோது அவன் இல்லை. யாரும் அவளைத் திட்டவில்லை. குடையைப் பற்றி யாரும் கேட்கவேயில்லை. அவளும் சொல்லவில்லை. அறுபத்து நான்கு வருடம்.

மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, கால் நனைஞ்சதால யாரும் சாக மாட்டாங்க. அது வேற ஏதோ நோயா இருந்திருக்கும்."

"தெரியும்மா" என்றாள் அம்மா. "எனக்கு எப்பவோ தெரியும்."

நான் என்ன சொன்னேன் என்று கேட்கக்கூடும். ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி மரத்தைப் பார்க்கப் போனேன். பேருந்து ஓட்டுநரும் லாரிக்காரரும் வெட்டுக்கத்தியால் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். நானும் இழுத்துப் போட்டேன். நெடுஞ்சாலைத் துறையினர் இயந்திர ரம்பத்தோடு வந்து அடிமரத்தை அறுத்து நகர்த்தும்போது ஒன்றரை மணிநேரம் ஆகியிருந்தது. முழுக்க நனைந்து காருக்குத் திரும்பினேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கால்களைச் சால்வையால் சுற்றியிருந்தது மனைவி. மேலே மெல்லிய பருத்திச் சட்டை, கீழே சால்வை. இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும்.

வலிப்பு வரவில்லை. வால்பாறையில் மருத்துவர் தொண்டையையும் காதையும் பார்த்துவிட்டு, சாதாரண வைரஸ் காய்ச்சல், மூன்று நாளில் போய்விடும், தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்றார். சொன்னபடியே மூன்றாம் நாள் காலையில் போய்விட்டது. அதுவரை விடுதி அறையிலிருந்து நாங்கள் பார்த்ததெல்லாம் எதிர்க்கடையின் தகரக்கூரையும் மழையும்தான். மகளுக்கு இரண்டு சொற்கள் கூடியிருந்தன. அதில் ஒன்று 'தகயம்'.

ஊர் திரும்பும்முன் தோட்டத்துச் சாலையில் மெதுவாக ஓட்டிப் போனோம். லைன் வீடுகள் எல்லாம் ஒன்றுபோலிருந்தன. தான் பிறந்தது எது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை, பெரிதாக அலட்டிக்கொள்ளவும் இல்லை. ஒரு வளைவு வந்தபோது மட்டும் நிறுத்தச் சொன்னாள். நான் குடையை எடுத்தேன். "வேண்டாம்யா" என்று இறங்கி, செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு, தேயிலைச் செடிகளின் ஓரமாகப் பத்தடி நடந்து நின்றாள். காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது கணுக்காலில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. மனைவி உப்புப் பொட்டலத்தைத் தேடி எடுத்துக் குனிந்தாள். "நீ தொடாதம்மா" என்று அம்மா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். மனைவி விடவில்லை. அட்டை சுருண்டு கீழே விழுந்ததும் குழந்தையின் துண்டால் இரண்டு கால்களையும் துடைக்கத் தொடங்கினாள். மகள் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்து, அட்டைக்கு டாட்டா சொன்னாள்.