சுராங்கனியைத் தெரியுமா?

போன வருஷம் பொங்கலுக்கு முன்னால், ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஒரு பெரியவர் வந்தார். கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாம்காரர். காலையில் சூளூர்பேட்டை ரயிலைப் பிடித்து, எளாவூர் தாண்டி ஆரம்பாக்கத்தில் இறங்கி, பட்டித் தகடு, பிரஷ், டிபன் பாக்ஸோடு எட்டரைக்கெல்லாம் வாசலில் நிற்பார். வயது எழுபதுக்கு மேல். 'ஏணியில ஏறாதீங்கண்ணே' என்றால் கேட்க மாட்டார்.

இரண்டாம் நாள், மனுஷனுக்கு அலுப்பாக இருக்குமே என்று செல்போனில் பாட்டுப் போட்டேன். சிலோன்காரர் ஆச்சே... தேடிப் பிடித்து 'சுராங்கனி'யை வைத்துவிட்டு, பெரிய உபகாரம் செய்த மாதிரி அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பிரஷ் சுவரிலேயே நின்றுவிட்டது.

"இது படப் பாட்டு தம்பி. எங்கட பாட்டு வேற."

எனக்குச் சுருக்கென்றது. 1977-ல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் கேட்டதுதான் எனக்குத் தெரிந்த சுராங்கனி. காலேஜ் டூரில் பஸ் சீட்டைத் தட்டிக்கொண்டு பாடுவோம். கல்யாணக் கச்சேரியில் ஆட்டம் போடுவோம். அதற்கு ஒரு சொந்த ஊர் இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

மத்தியானம் சாப்பாட்டின்போது சொன்னார். நாம் 'பாப்' என்பதை அவர்கள் 'பொப்' என்பார்கள். போர்த்துகீசியர்கள் விட்டுப்போன தாளத்திலிருந்து சிங்களவர்கள் வளர்த்தது பைலா. அந்தத் துள்ளலை எடுத்து, கிடாரும் பொங்கோஸுமாகத் தமிழ்ப் பையன்கள் மேடை ஏறினார்கள். உரும்பிராய் நித்தி கனகரத்தினம் அதில் முன்னோடி. விவசாயம் படித்தவர். அவருடைய 'சின்ன மாமியே' பாடாத கல்யாண வீடு கிடையாதாம். கள்ளுக்கடைக்குப் போகாதே என்று புத்தி சொல்லியும் ஒரு பாட்டு. "அதை கள்ளுக்கடையிலதான் தம்பி கனக்கப் பாடினது!"

சுராங்கனியைப் பாடியவர் ஏ.ஈ.மனோகரன். நம் படங்களில் வில்லன் ஆளாக வந்துபோவாரே, சிலோன் மனோகர், அவர்தான். சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்கிற பாட்டு. பாதி சிங்களம், பாதி தமிழ்.

"நானும் கிடார் அடிச்சனான்" என்றார் மெதுவாக. கொழும்பில் வேலை பார்த்தபோது நண்பர்கள் சேர்ந்து ஒரு சின்னக் குழு. பொங்கோஸ் வாசித்தவன் சிங்களப் பையன்.

"83-ல ஆடிக் கலவரம் வந்ததெல்லோ... எரிச்சதும் சிங்களவன்தான். என்னை மூண்டு நாள் கட்டிலுக்குக் கீழ ஒளிச்சு வச்சிருந்தவனும் சிங்களவன்தான். என்ர பொங்கோஸ்காரன். கப்பலேத்தி விடேக்க ஒரு தட்டு தந்தவன்."

மறுநாள் அதைக் கொண்டுவந்தார். பழைய சாரத் துணியில் சுற்றிய சின்ன இசைத்தட்டு. லேபிள் பாதி போய்விட்டது. விளிம்பிலிருந்து நடுவரை ஒரு விரிசல். 1990-ல் படகில் வந்தபோது நகையில்லை, பத்திரமில்லை, இது மட்டும் பெட்டியில் இருந்திருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக ஒருமுறைகூடச் சுழலாத தட்டு. முகாமில் பிறந்த பேத்தி, 'தாத்தா, இதை சுவர்க் கடிகாரமா பண்ணலாமா?' என்று கேட்கிறாளாம்.

நான் செல்போனில் மனோகரன் பாடியதையே தேடி எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தமிழ் வரிகளை முணுமுணுத்தார். சிங்கள வரி வரும்போதெல்லாம் உதடு நின்றுவிட்டது.

"முகாமில ஆரும் ஏச மாட்டினம். எனக்குத்தான் வாய் வருகுதில்லை. அவன் இருக்கிறானோ இல்லையோ, அதுவே தெரியேல்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மனோகரன் 2018-ல செத்தது பேப்பரில பார்த்தனான். இஞ்ச சென்னையிலதான் இருந்தவர். ஒருக்காப் போய்ப் பார்த்திருக்கலாம்" என்றார்.

நான் ஆட்டம் போட்ட பாட்டு அது. எத்தனை கல்யாணத்தில் ஆடியிருப்பேன்!

2021-ல் அரசு, அகதிகள் முகாம் என்கிற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்றது. அவர் கிளம்பும்போது, "நாளைக்குச் செக்கிங். ஆள் அங்க நிக்கவேணும். வரமாட்டன் தம்பி" என்றார்.

அப்போது தெருவில் பழவேற்காட்டு ஏரி மீன்காரம்மாவின் குரல். பெரியவர் வாசலில் நின்று கேட்டார். முகத்தில் இருபது வயசுச் சிரிப்பு ஒன்று வந்தது.

"மாலு வந்திட்டுது தம்பி, போய் வாங்குங்கோ!"

சிங்களத்தில் மாலு என்றால் மீன். அந்த ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.