பாண் வண்டியும் மூத்தம்மாவின் பாட்டும்



'இசையும் என் வாழ்வும்' என்று கட்டுரைத் தலைப்பு வந்தால் உங்களில் பலர் பேனாவை வைத்துவிட்டு முகட்டைப் பார்ப்பீர்கள். "நான் பாடகனும் இல்லை, எங்கள் வீட்டில் வயலினும் இல்லை. எதை எழுதுவது?" என்று யோசிப்பீர்கள். கவலை வேண்டாம். காலை முதல் இரவு வரை எத்தனை ஓசைகள் உங்களை எழுப்புகின்றன, வாசலுக்கு அழைக்கின்றன, உறங்க வைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எழுதுவதற்கு விடயம் தானாகவே வந்து சேரும்.

உதாரணமாக, பாண் விற்கும் முச்சக்கரவண்டியை எடுத்துக்கொள்வோம். நமது நாட்டில் அவ்வண்டிகள் பல ஒரே மெட்டை ஒலித்துக்கொண்டு வருகின்றன அல்லவா? அது யாருடைய மெட்டுத் தெரியுமா? ஜேர்மனியில் பிறந்த பீத்தோவன் 1810 ஆம் ஆண்டில் பியானோவுக்காக எழுதிய ஒரு சிறிய இசைத் துண்டு. 'எலீசுக்காக' என்பது அதன் பெயர். அவர் 1827 இல் இறந்து நாற்பது வருடங்கள் கழிந்த பின்னர், 1867 இலேயே அது அச்சில் வெளிவந்தது. அந்த எலீஸ் யார் என்று அறிஞர்கள் இன்னும் விவாதித்துக் கொண்டிருக்கிறார்கள். எங்கள் பாலமுனையில் அந்த விவாதத்துக்கு இடமே இல்லை. அது எலீசுக்காக அல்ல, பாணுக்காக! மெட்டுக் கேட்டதும் பிள்ளைகள் சில்லறையோடு வாசலுக்கு ஓடுவார்கள். பெரிய மண்டபத்தில் அமர்ந்து அந்த இசையைக் கேட்பவருக்குப் பீத்தோவனின் முகம் நினைவுக்கு வரலாம். எனக்கோ சூடான பணிஸின் வாசம்தான் வருகிறது.

இதில் ஓர் உண்மை இருக்கிறது. மெட்டு மனத்தில் தனியே வந்து தங்குவதில்லை. ஒரு வேலையை, ஒரு வாசத்தை, ஒரு மனிதரின் முகத்தைப் பிடித்துக்கொண்டுதான் தங்குகிறது.

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். கிழக்கே கடல், மேற்கே வயல். இரண்டு பக்கத்திலும் பாட்டு இருந்தது. கரைவலை இழுப்பவர்கள் அம்பா பாடுவார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்லி ஒரே நேரத்தில் கயிற்றை இழுப்பார்கள். பாட்டுப் பிசகினால் இழுவையும் பிசகும். வயலில் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருப்பவர்கள் பரணில் இருந்தபடி கவி பாடுவார்கள். அது தூக்கத்துக்கு எதிரான மருந்து. அடுத்த பரணில் இருப்பவருக்கு, 'நான் விழித்திருக்கிறேன்' என்ற தகவலும் அதுவே. நோன்பு காலத்தில் பாவா றபானைத் தட்டிப் பாடிக்கொண்டு வந்து ஸஹருக்கு எழுப்புவார். கல்யாண வீட்டில் பொல்லடிக்காரர் வட்டமாகச் சுற்றி வந்து கோல்களைத் தட்டுவார்கள். மாப்பிள்ளை வந்ததை உள்ளே இருப்போருக்கு அறிவிப்பது பெண்களின் குரவை. பாருங்கள், இவர்களில் எவரும் 'இசை நிகழ்ச்சி' நடத்தவில்லை. தத்தமது வேலையைத்தான் செய்தார்கள்.

பிறகு வானொலி வந்தது. 1925 இல் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு 1949 இல் றேடியோ சிலோன் ஆகி, 1967 இல் கூட்டுத்தாபனமானது. அந்த வரலாறெல்லாம் சிறுவயதில் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது வாப்பாவின் றேடியோவும் அதன் நான்கு பற்றரிகளும்தான். பற்றரி தளர்ந்துவிட்டால் அவற்றை நெல்லோடு சேர்த்து வெயிலில் காயப் போடுவோம். நெல்லைக் கோழியிடமிருந்தும், பற்றரியைத் தம்பியிடமிருந்தும் காப்பது என் பொறுப்பு. அப்படிக் காய்ந்த பற்றரி அன்று மாலை ஒரு மணி நேரமாவது பாடும். பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் நாங்களும் எழுத்துப் பிடித்துப் பாடுவோம். சொல் மறந்தவர் புத்தகப் பைகளைச் சுமக்க வேண்டும். அந்தப் பயத்தில் மனப்பாடமான பாட்டுகள் இன்றும் மறக்கவில்லை.

அடுத்து வந்தது கசெற். எங்கள் ஊர்களில் பெருநாளும் கல்யாணமும் நாகூர் ஈ. எம். ஹனீபாவின் குரல் இல்லாமல் விடியாது. அவர் 2015 ஏப்ரலில் காலமானபோது, அவரை நேரில் ஒருநாளும் காணாத எத்தனையோ பேர் தம் வீட்டு மூத்தவர் ஒருவரை இழந்தது போலக் கவலைப்பட்டார்கள்.

அந்தக் கசெற்றில்தான் மூத்தம்மாவின் பாட்டையும் பதிந்தோம். காக்கா இரவல் வாங்கி வந்த பெட்டியை முன்னால் வைத்தபோது மூத்தம்மா அதைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இந்தப் பெட்டிக்குள்ள என்ட சத்தத்த அடச்சி வெச்சா, பொறகு நான் எதால மனே பாடுற?"

எப்படியோ சம்மதிக்க வைத்து மூன்று பாட்டுகளைப் பதிந்தோம். இரண்டு தாலாட்டுகள், ஒன்று பெருநாள் ஊஞ்சல் பாட்டு. தாலாட்டில் எங்கள் மாமாமார் வரிசையாக வருவார்கள். ஒருவர் பொன் கொண்டு வருவார், மற்றவர் பட்டுக் கொண்டு வருவார். உண்மையில் அவர்கள் கொண்டு வந்தது மரவள்ளிக்கிழங்கும் கருவாடும்தான். ஆனாலும் குழந்தை உறங்கிவிடும். உறங்காமல் என்ன செய்யும்? பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் பிற பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே நாடுகின்றன என்று 1980 இல் அமெரிக்க உளவியலாளர் இருவர் ஆய்வு செய்து எழுதினார்கள். மூத்தம்மாவுக்கு ஆய்வு தேவைப்படவில்லை.

சில வருடங்களில் மூத்தம்மா மௌத்தானார். கசெற் கடற்கரைப் பக்கம் இருந்த சாச்சி வீட்டு அலுமாரியில் பத்திரமாக இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டமே. சாச்சி குடும்பம் உயிர் தப்பியது, வீடு தப்பவில்லை. அத்தனை ஜனாஸாக்களுக்கு நடுவே ஒரு கசெற்றைப் பற்றி யார் பேசுவார்? நாங்களும் பேசவில்லை.

பல மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள், ராத்தா தன் குழந்தையை ஏணையில் ஆட்டிக்கொண்டிருந்தார். வாய் தன்பாட்டில் மூத்தம்மாவின் தாலாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. மாமாமார் எல்லோரும் வரிசை தவறாமல் வந்தார்கள். இரண்டு தாலாட்டுகளும் முழுமையாக ராத்தாவிடம் இருந்தன. அவர் அவற்றைக் கசெற்றில் கேட்டுப் படிக்கவில்லை. எங்கள் தம்பி தங்கைகளை ஆட்டி ஆட்டிப் படித்திருந்தார். ஊஞ்சல் பாட்டு மட்டும் முன்பாதியோடு நின்றுவிட்டது. 'பின்பாதி கசெற்றில் இருக்கிறதுதானே' என்று அதை யாரும் பாடிப் பழகவில்லை.

மாணவர்களே, இதை உங்கள் படிப்போடும் பொருத்திப் பாருங்கள். பெருக்கல் வாய்ப்பாட்டை ஏன் நீங்கள் இன்னும் மறக்கவில்லை? அதை இராகம் போட்டு, பலமுறை, வாய்விட்டுச் சொன்னீர்கள். மதுரசாவில் ஓதியதும் அப்படித்தான் நெஞ்சில் நின்றது. நேற்று தொலைபேசியில் படம் பிடித்து வைத்த விஞ்ஞானக் குறிப்பு எங்கே? அது தொலைபேசியில் இருக்கிறது. உங்களிடம் இல்லை. கடினமான சூத்திரம் ஒன்றுக்கு மெட்டுப் போட்டுப் பாருங்கள், சுலபமாக மனத்தில் தங்கும். ஆனால் பரீட்சை மண்டபத்தில் அதை வாய்க்குள்ளேயே பாடிக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளருக்குப் பாட்டுக் கேட்க நேரம் இருக்காது!

பரீட்சைக்கு அப்பாலும் ஒரு வேலை இருக்கிறது. நிந்தவூரைச் சேர்ந்த எழுத்தாளர் எஸ். முத்துமீரான் போன்றோர் இப்பகுதி முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார்கள். எனினும் ஒவ்வொரு வீட்டுப் பாட்டையும் ஒரு சிலரால் தேடி முடிக்க இயலாது. உங்கள் வீட்டில், அல்லது பக்கத்து வீட்டில், முதிர்ந்த ஒருவரிடம் போய் இருங்கள். "உங்கட காலத்துப் பாட்டு ஒண்டு சொல்லுங்க" என்று கேளுங்கள். முதலில் வெட்கப்படுவார். "எனக்கு ஒண்டும் தெரியாது" என்பார். எழும்பிப் போய்விடாதீர்கள். சற்றுப் பொறுத்தால் பாட்டு வரும். தொலைபேசியில் பதியுங்கள். கொப்பியில் எழுதுங்கள். அத்துடன் நின்றுவிடாமல், ஒரு முறையாவது அவரோடு சேர்ந்து வாய்விட்டுப் பாடுங்கள்.

எங்கள் ஊஞ்சல் பாட்டின் பின்பாதி இன்னும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் மூத்தம்மாவோடு சேர்ந்து ஊஞ்சல் ஆடிய பெண்கள் பலர். அவர்களில் யாராவது ஒருவர் அதை இன்னும் நினைவில் வைத்திருக்கக்கூடும். அது உங்கள் மூத்தம்மாவாகவும் இருக்கலாம். இன்றே கேட்டுப் பாருங்கள்.