காருக்குள் ஒரு புராணபடனம்

கைக்கடக்கமான இசைக்கருவி தனியொருவர் காதுக்கென்றே பிறந்தது என்பர் சிலர். நான் அதனை ஒப்புவதில்லை. 1979இல் சோனி நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வோக்மனில், இருவர் ஒருங்கே கேட்பதற்கென இரண்டு துளைகள் இருந்தன. 2001இல் வந்த ஐபொட்டிலோ ஒரு துளையே. கோயில் மண்டபத்தில் ஊரோடு கூடியிருந்து கேட்ட புராணபடனத்தை, காதுக்குள் ஒரு குமிழைச் செருகிக்கொண்டு எவ்வாறு கேட்பது?

என் தாயாருக்கு நேர்ந்த இடர் இதுவே. காலஞ்சென்ற என் தந்தையார் கந்தபுராணம் படிப்பவர். அவர் படிக்க, மற்றொருவர் பயன் சொல்லிய கசெற்றுகள் சில எஞ்சியிருந்தன. இன்னொரு முறை ஓடவிட்டால் அறுந்துவிடும் நிலையில் நாடாக்கள். வெளிநாட்டிலுள்ள என் தமக்கை மகன் அவற்றை வாங்கிச் சென்று, குரலை மீட்டு, தன் பழைய ஐபொட்டில் ஏற்றி அனுப்பிவைத்தான். செவிப்புலன் குன்றிய அம்மாவோ காதுக் குமிழைத் தொடவும் மறுத்துவிட்டார்.

"அவர் என்ன, எனக்கு மட்டுமோ படிச்சவர்?" என்றார்.

நாற்புறமும் ஒலிபெருக்கி பொருந்திய இடம் எங்களிடம் ஒன்றே இருந்தது. அது எங்கள் பழைய ஜப்பானியக் கார். முதலில், ஐபொட்டின் ஒலியைக் கார் வானொலிக்கு அலையாக அனுப்பும் சிறு கருவியொன்றை வாங்கினேன். அது 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை பேசும். ஜப்பானியர் தம் நாட்டு வழக்கப்படி அமைத்த எங்கள் வானொலியோ 76 முதல் 90 வரையே கேட்கும். ஆதலால் இரண்டும் சந்திக்கும் இடம் இரண்டே மெகாஹேர்ட்ஸ்! இந்த நாட்டில் இத்தகைய கார் வைத்திருப்போர் பலர், அலைவரிசையை மாற்றும் கருவியொன்றைப் பூட்டியிருப்பர். எங்கள் காரில் அதுவும் இல்லை. சூரபன்மன் போருக்கு எழுந்த வேளையில் ஏதோவொரு நிலையத்தின் சவர்க்கார விளம்பரம் குறுக்கிட்டது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பின்னர் கிடைத்தது கசெற் வடிவிலான ஓர் இணைப்பான். அதனுள் ஒலிப்பதிவு நாடா இல்லை. சிறு காந்தத் தலையொன்று உண்டு. அதிலிருந்து வெளிவரும் வயரை ஐபொட்டில் செருகவேண்டும். வயர்வழி வரும் மின்னோட்டம் அத்தலையில் காந்தப்புலமாக மாற, எதிரேயுள்ள கார்க் கருவியின் தலை, நாடாதான் ஓடுகிறது என எண்ணி அதனைப் படித்துவிடும். கசெற்றிலிருந்து மீட்ட குரல், மீண்டும் ஒரு கசெற்றின் வாய்வழியே எங்களிடம் வந்தது.

இப்போது வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏறக்குறைய 140 கிலோமீற்றரும் அப்பா படிக்கிறார். பின் ஆசனத்துப் பிள்ளைகள் சண்டையை நிறுத்தாவிடினும் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர். அப்பா செருமும் இடங்கள் அம்மாவுக்கு மனப்பாடம். அவ்விடங்களில் தாமும் மெல்லச் செருமுவார். ஆனையிறவு கடந்து, வீட்டுப் படலையை அடைந்தும் படலம் முடியாவிட்டால் எவரும் இறங்குவதில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு இருளில் அமர்ந்திருப்போம். பற்றரி இறங்கிவிடுமே என்ற கவலை எனக்கு மட்டும்.