நடுகல்லின் கெடு

காலையில் கடவுச்சொல்லைத் தட்டி வேலைக்குள் நுழைபவரை இன்னாரென்று ஒப்புக்கொள்ளும் கணினிக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். பணியாளர் பெயரேடு அதனிடம்தான் இருக்கிறது. எங்கள் நிறுவனத்தில் அவை நான்கு; ஒவ்வொன்றும் மற்றவற்றின் மாற்றங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளும்.

நான்கும் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்று முடிந்துவிட, புதிய பதிப்புக்கு மாற்ற முனைந்தோம். கட்டட வேலையால் 72 நாட்கள் அணைந்து கிடந்த கிளை அலுவலகக் கன்ட்ரோலரை இயக்கியபோது, மற்ற மூன்றும் அதனோடு பேச மறுத்தன. பதிவில் 2042 என்ற பிழை எண்.

ஏட்டில் ஒரு பெயரை நீக்கினால் அது உடனே மறைவதில்லை. இறந்ததற்கு அடையாளமாக ஒரு கல் நிற்கும். டூம்ஸ்டோன் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் நடுகல் என்று கொள்ளலாம். (பொறியாளர்களிலும் கவிஞர் உண்டு.) சேதி எல்லா ஏடுகளுக்கும் போய்ச்சேரும்வரை கல் நிற்கவேண்டும், அதற்கொரு கெடு. கெடு கடந்து விழிக்கும் ஏட்டுக்கு அந்தச் சாவு தெரியாது. சர்வர் 2003-இன் முதல் சர்வீஸ் பேக்கில் இந்தக் கெடு 180 நாட்களாயிற்று. எங்களுடையது விண்டோஸ் 2000 காலத்தில் அமைத்தது, ஆகவே 60. இயந்திரங்களை எத்தனை தலைமுறை மாற்றினாலும், ஒருவர் கைவைத்துத் திருத்தாதவரை அந்த எண் மாறுவதில்லை.

கன்ட்ரோலர் அணைந்த மூன்றாம் நாள் கிளையின் கிடங்குப் பொறுப்பாளர் காலமானார். அவர் கணக்கை அந்த வாரமே நீக்கியிருந்தோம். ‘எப்படியாவது சேர்த்துவிடுங்கள் சார், வேலை நிற்கிறது’ என்றார் கிளை மேலாளர். வலிந்து சேர்க்க வழியுண்டு. சேர்த்தால் நீக்கியவை மற்ற ஏடுகளிலும் எழுந்துவரக்கூடும். மறுத்தோம். அதைப் பதவியிறக்கி, மற்றவற்றிலிருந்து அதன் சுவடுகளைக் களைந்து, புதிதாக நிறுவ இரண்டு நாட்களாயின. இறக்குமுன் அதன் பெயரேட்டைத் திறந்து பார்த்தோம். பதவி, மேசைத் தொலைபேசி எண் எல்லாவற்றோடும் அவர் அங்கே இருந்தார்.